இரண்டாவது சாவி

தாம்பரத்தில் ரயில் ஏறி உட்கார்ந்து, சானடோரியம் தாண்டி, குரோம்பேட்டை வருவதற்குள் அந்த நினைப்பு வந்துவிடும். சைடு லாக் போட்டேனா? பல்லாவரத்தில் கை தானாகப் பைக்குள் போகும். டிபன் டப்பா, சிவப்பு மைப் பேனா, திருத்தாத விடைத்தாள்கள், எல்லாவற்றுக்கும் அடியில் சாவி கிடக்கும். சாவி பையில் இருந்தால் வண்டி பூட்டியிருக்கிறது என்று அர்த்தமில்லை. சாவியை உருவிக்கொண்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். திரிசூலத்தில் கண்ணை மூடிக் காலையில் நடந்ததை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினேன். சாவியை அழுத்தித் திருகினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. இன்றைக்குக் கேட்டதா, நேற்றுக் கேட்டதா? பரங்கிமலை வரும்போது, ஆனது ஆகட்டும் என்று விட்டுவிடுவேன். கிண்டியில் கூட்டம் ஏறியதும் வண்டி மறந்துபோகும். மாலையில் திரும்பும்போது கிண்டி தாண்டியதும் மறுபடி ஞாபகம் வரும்.

இது எனக்கு மட்டும் உள்ள கிறுக்கு என்று பல வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் பெண்கள் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவர், மீனம்பாக்கம் தாண்டியதும் பையைத் துழாவிச் சாவியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களுமா?" என்றார். மாம்பலம் வரைக்கும் அதைத்தான் பேசினோம். அவர் மேற்குத் தாம்பரம், முடிச்சூர் சாலைப் பக்கம். நான் கிழக்கே, ராஜகீழ்ப்பாக்கம். ஸ்டேஷன் ஸ்டாண்டு நிரம்பிவிட்ட நாளில் வண்டியை எந்தத் தெருவில் விடலாம், எந்தத் தெருவில் விட்டால் பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்கள், எந்த விளக்குக் கம்பத்தில் விளக்கு எரியாது, எந்தக் கடை எட்டு மணிக்கு மேலும் திறந்திருக்கும் என்று அவரிடம் ஒரு வரைபடமே இருந்தது. என்னிடமும் இருந்தது. இரண்டு பேரும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியை விட்டுவிட்டு வருகிற கவலை ஆண்களுக்கும் உண்டு. எங்கள் துறையில் ஒரு சார், புது பைக் வாங்கிய மாதம் முழுக்க மூன்றாம் மாடி வராண்டாவிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினார். அவருக்கு அந்தக் கவலை வண்டியோடு முடிந்துவிடும். எனக்கு ஒருமுறை வண்டி காணாமல் போனது. வண்டியோடு வேறு என்னவெல்லாம் போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

2013 நவம்பர். விடாத மழை. மாலை நேரக் கல்லூரியில் பாடம் முடித்து, ரயிலில் நின்றுகொண்டே வந்து, தாம்பரத்தில் இறங்கும்போது மணி எட்டு. அன்று காலையில் ஸ்டாண்டு நிரம்பியிருந்ததால் பக்கத்துத் தெருவில், ஷட்டர் மூடிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் வண்டியை விட்டிருந்தேன். குடையோடு அங்கே போனேன். என் வண்டி நின்ற இடத்தில் வேறொரு வண்டி நின்றது.

முதலில் தெரு மாறி வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தேன். நின்ற வண்டிகளின் நம்பர் பிளேட்டை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தேன். மூன்று முறை படித்தேன். அதன்பிறகும் இருபது நிமிடம் யாருக்கும் போன் செய்யாமல் அங்கேயே நின்றேன். எதற்கு நின்றேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தால், கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறேன். 'ஸ்டாண்டு ஃபுல்லா இருந்துச்சுங்க. லேட்டாயிருச்சு. எப்பவும் அங்க விடமாட்டேன், இன்னைக்கு ஒருநாள்தான்.' திருடு கொடுத்தவள் நான். குற்றவாளி மாதிரி வாக்குமூலம் ஒத்திகை பார்த்ததும் நான்தான்.

நினைத்த மாதிரியே கேள்விகள் வந்தன. வீட்டுக்காரர், "எங்க விட்ட?" என்றார். மாமியார், "எத்தனை மணிக்கு வந்து பாத்த?" என்றார். மறுநாள் துறையில், "பூட்டுனீங்களா மேடம்?" என்றார்கள். காவல் நிலையத்தில், "வண்டி யார் பேர்ல இருக்கு?" என்றார்கள்.

வண்டி வீட்டுக்காரர் பேரில் இருந்தது. 2009-இல் அதை வாங்கியபோது நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருந்தேன். கையில் சம்பளச் சீட்டு கிடையாது. கடன் அவர் பேரில் வாங்கினோம், அதனால் ஆர்.சி.யும் அவர் பேரில். பிறகு எனக்குத் தொகுப்பூதிய வேலை கிடைத்தது. மாதாமாதம் தவணைப் பணத்தை அவர் கணக்கில் போட்டுவிடுவேன். வண்டியை ஓட்டியது, கழுவியது, பஞ்சர் ஒட்டியது, சர்வீஸுக்கு விட்டது எல்லாம் நான். நான்கு வருடமாக 'என் வண்டி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சாரை வரச் சொல்லுங்கம்மா. புகார் ஓனர் கையெழுத்துல இருந்தா நல்லது" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வீட்டுக்காரர் நனைந்துகொண்டு வந்தார். புகார் எழுத வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். "நீ எழுது, உன் கையெழுத்து நல்லா இருக்கும்" என்றார் அவர். நான் எழுதினேன். 'எனது இருசக்கர வாகனத்தை என் மனைவி ஓட்டிச் சென்று, தாம்பரம் ரயில் நிலையம் அருகில் நிறுத்தியிருந்தபோது...' ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள், உடைமையைச் சொல்லும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள், அன்றைக்கு என் கையாலேயே 'எனது' என்று எழுதி அவரிடம் நீட்டினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். சி.எஸ்.ஆர். ரசீது அவர் பேரில் வந்தது.

ஓனர்தான் புகார் கொடுக்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்பது எனக்கு அன்று தெரியாது. திருட்டைப் பற்றித் தகவல் தெரிந்த யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இப்படிப்பட்ட குற்றங்களில் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று தீர்ப்பளித்ததும் அதே 2013 நவம்பரில்தான், 12-ஆம் தேதி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. மின்னணு வழியாக அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திடலாம் என்றும் சொல்கிறது. படிக்கிற மாணவிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

*

அடுத்தது இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. கடனில் வாங்கிய வண்டி என்பதால் எங்களிடம் முழுக் காப்பீடு இருந்தது, கடன் முடிந்தபிறகும் அப்படியே புதுப்பித்து வந்தோம். காகிதங்களைக் கேட்டார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆர்.சி., வண்டி கிடைக்கவில்லை என்று காவல்துறை தரும் சான்று. கடைசியாக, "ரெண்டு சாவியும் வேணும்" என்றார்கள். வண்டி வாங்கும்போது கம்பெனி இரண்டு சாவி தரும். இரண்டையும் ஒப்படைத்தால்தான், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வரவில்லை என்று நம்புவார்கள்.

என் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டாவது சாவி எங்கே என்று நான் பீரோவைத் திறக்கப் போனேன். வீட்டுக்காரர் தன் சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து கழற்றி என் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். நான்கு வருடமாக அது அவர் கொத்தில்தான் இருந்திருக்கிறது.

அந்தச் சாவியை எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருடம் ஒரு மாலை, இதேபோல ஸ்டேஷனில் இறங்கி வந்து பார்த்தபோது ஸ்டாண்டில் என் வண்டி இல்லை. டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு காவலரிடம் ஓடினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து நிமிடம் கழித்து அவரே போன் செய்தார். "என் பைக் பஞ்சர். உன் வண்டியை நான்தான் எடுத்துட்டு வந்தேன். நீ ஷேர் ஆட்டோல வந்துடு." வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "திருடனா எடுத்தான்? வீட்டு ஆளுதானே எடுத்தேன்" என்று சிரித்தார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. திருடன் எடுத்தாலும் அவர் எடுத்தாலும், மாலையில் வந்து நிற்கும்போது அந்த இடம் ஒரே மாதிரிதான் காலியாக இருந்தது. அவருடைய பைக்குக்கும் இரண்டாவது சாவி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இழப்பீட்டுக் காசோலை சில மாதம் கழித்து வந்தது. தேய்மானம் போகப் பாதிக்கும் கொஞ்சம் மேலே. அதுவும் அவர் பேரில்.

*

"இனிமே நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றேன்" என்றார் வீட்டுக்காரர். அன்பாகத்தான் சொன்னார். நான்கு மாதம் அப்படித்தான் நடந்தது. காலையில் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஸ்டேஷன். மாலையில் கிழக்கு வாசலில் நின்று அவருக்காகக் காத்திருப்பது. அவருக்கு வேலை முடியும் நேரம் என் நேரமானது. ராஜகீழ்ப்பாக்கம் வழியில் காய்கறிக் கடை இருக்கிறது, நிறுத்தச் சொல்ல யோசனையாக இருக்கும். சனிக்கிழமை கவிதைக் கூட்டத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லவேண்டும். "எத்தனை மணிக்கு முடியும்?" என்பார். கவிதைக் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று யாரால் சொல்லமுடியும்? மூன்றாவது வாரத்திலிருந்து போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அந்த நான்கு மாதத்தில் ஒரு கவிதையும் எழுதவில்லை.

அந்தப் பருவத்தில் வகுப்பில் முல்லைத் திணை நடத்திக்கொண்டிருந்தேன். பெரும்பொழுது கார்காலம். சிறுபொழுது மாலை. உரிப்பொருள் இருத்தல். தேர் அவனுடையது, காத்திருப்பது அவளுடையது. எத்தனையோ வருடம் நடத்திய பாடம்தான். அன்று மாலை மழையில், ஸ்டேஷன் வாசலில், ஆட்டோக்களுக்கு நடுவே, கடந்துபோகும் ஒவ்வொரு ஹெட்லைட்டையும் இது அவரா என்று பார்த்துக்கொண்டு நின்றபோது, காலையில் நடத்திய பாடத்துக்குள்ளேயே நான் நிற்கிறேன் என்று உறைத்தது.

இன்னொன்றும் நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும். வண்டியைக் காட்டில் தனியாக விட்டுவிட்டுக் கவலையே இல்லாமல் திரும்பிப்போன ஆளென்று தமிழில் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். வீட்டுக்குப் போனதும் "எங்க விட்ட? எத்தனை மணிக்கு? பூட்டுனியா?" என்று யாரும் அவனைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவனை வள்ளல் என்றார்கள். ஒரு பெண் அப்படி விட்டுவிட்டு வந்திருந்தால் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும்.

*

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 90-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பல்லாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார்கள். எனக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது. என் சித்தியும் பழகினார். முழங்கை சிராய்ப்போடு வந்து திண்ணையில் உட்கார்ந்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு சைக்கிள் ஓட்டுவதில் ஆட்சேபம் கிடையாது. வயலுக்குப் போகும்போது பூட்டிச் சாவியை மட்டும் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு போய்விடுவார். "களவு போயிறக் கூடாதுல்ல" என்பார். சித்திக்குத் தண்ணீர் எடுக்க, ரேஷனுக்குப் போக சைக்கிள் வேண்டுமென்றால் அவர் திரும்பி வரும்வரைக்கும் காத்திருக்கவேண்டும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த சித்தி, ஒருநாள் சைக்கிளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டே கடைக்குப் போய், "பூட்டு துருப்பிடிச்சுப்போச்சு, வெட்டி எடுத்துருப்பா" என்று சொல்லிப் பூட்டையே எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பல வருடம் பூட்டே இல்லாத சைக்கிளைக் குளத்தங்கரை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் என்று கண்ட இடத்திலும் விட்டுவிட்டுப் போனார். ஒருவரும் எடுக்கவில்லை. அது யாருடைய சைக்கிள் என்று ஊருக்கே தெரியும்.

காவல் என்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சித்திதான் ஞாபகத்துக்கு வருவார்.

*

காலியான இடம் ஒரு வகைப் பயம். வண்டி அங்கேயே நிற்கும்போது வருகிற பயம் வேறு. அதை மாணவிகள்தான் எனக்குச் சொன்னார்கள்.

2019 நவம்பர் 27. ஐதராபாத்துக்கு வெளியே, சம்சாபாத் பக்கம் ஒரு சுங்கச்சாவடி அருகே ஒரு கால்நடை மருத்துவர் தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வாடகைக் காரில் வேறோர் இடத்துக்குப் போனார். இரவு திரும்பி வந்து பார்த்தபோது டயரில் காற்று இல்லை. உதவுகிறோம் என்று வந்தவர்கள்தான் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள் என்று காவல்துறை சொன்னது. அவர் கடைசியாகத் தன் தங்கையிடம் பேசினார், பயமாக இருக்கிறது என்றார். அவரை வன்கொடுமை செய்து, கொன்று, எரித்தார்கள். தங்கையைக் கூப்பிட்டதற்குப் பதிலாக 100-ஐ அழைத்திருக்கலாமே என்றார் அந்த மாநில உள்துறை அமைச்சர். டிசம்பர் 6 அன்று குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேரையும் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். ஊர் பட்டாசு வெடித்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் போலீஸார் சுட்டார்கள் என்று 2022-இல் வெளியான அறிக்கையில் சொன்னபோது அதைப் படிக்க அதிகம் பேர் இல்லை.

அந்த வாரம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. ஒரு மாணவி எழுந்து, "மேடம், வண்டியைத் தனியா விட்டுட்டுப் போனா, இது ஒரு பொண்ணோட வண்டின்னு பாத்தவுடனே தெரியுது. அவ திரும்பி இங்கதான் வருவான்னும் தெரியுது" என்றாள். பெண்கள் வாங்கும் வண்டியின் நிறம், பிடியில் சுற்றிய துப்பட்டா, டிக்கியில் ஒட்டிய பொம்மை. பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தியின் வண்டியில் வாரம் ஒருமுறை கைப்பேசி எண் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கும். ஒருத்தியின் சீட்டில் படிந்த தூசியில் கெட்ட வார்த்தை எழுதியிருக்கும். ஒருத்திக்குத் தொடர்ந்து ஐந்து நாள் பின் டயரில் காற்று இல்லை. "பஞ்சர் கடைக்காரரே கேட்டுட்டாரு மேடம், யாரும்மா உன்மேல கோவமா இருக்கான்னு." அவள் வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்றேன். "சொன்னா வண்டிய வாங்கிடுவாங்க" என்றாள். வகுப்பே தலையாட்டியது.

அந்தத் தலையாட்டலில் எனக்கு என் இருபது நிமிடம் புரிந்தது. நாங்கள் திருடனுக்கு ஒரு பங்கு பயந்தோம் என்றால், அதற்குப் பிறகு வீட்டில் வரப்போகிற அன்புக்கு மூன்று பங்கு பயந்தோம். பூட்டுக்குப் பூட்டுப் போட்டு நாங்கள் காப்பாற்றியது நாளைக்கும் வெளியே கிளம்பலாம் என்கிற அனுமதியை. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் சேர்ந்து எழுதி 2011-இல் வந்த 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகம் உண்டு. பொது இடத்தில் நிற்கும் பெண், தான் காரணத்தோடுதான் நிற்கிறேன் என்று காட்டிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது என்பது அதில் ஒரு முக்கியமான வாதம். படித்தபோது, தெருவில் நிற்கும் எங்கள் வண்டிக்கும் அது பொருந்தும் என்று தோன்றியது.

*

என் இரண்டாவது வண்டியை 2014 ஏப்ரலில் வாங்கினேன். இழப்பீட்டுப் பணத்தோடு என் சேமிப்பையும், ஒரு வளையலை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து, கடன் இல்லாமல். விண்ணப்பத்தில் என் பெயரை நானே எழுதினேன். "சார் பேரு?" என்று ஷோரூம் பையன் கேட்டான். "சார் பேரு வேண்டாம், அப்பா பேரே போதும்" என்றேன். வண்டியைக் கொடுக்கும்போது ஒரு சாவியை என்னிடமும், பழக்கதோஷத்தில் இன்னொன்றை "சார், இது ஸ்பேர்" என்று வீட்டுக்காரரிடமும் நீட்டினான். அவர் வாங்கினார். ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார். அதையும் சொல்லவேண்டும். அது என் பட்டச் சான்றிதழ் இருக்கும் உறையில் போய்ச் சேர்ந்தது.

2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று தமிழக அரசின் திட்டம் ஒன்று தொடங்கியது. ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் அக்காவின் மருமகள், சானடோரியம் மெப்ஸில் வேலை பார்ப்பவள், அதில் ஒரு வண்டி வாங்கினாள். "ஆர்.சி. அவ பேர்லயாக்கா?" என்று முதலில் அதைத்தான் கேட்டேன். "அவ பேர்லதான் டீச்சரம்மா. வேற பேர்ல குடுக்கமாட்டாங்களாம்" என்றார் அக்கா. 2021-இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதுவும் பெரிய விஷயம். ஆனால் எங்கள் உள்தெருக்களுக்குள் பேருந்து வராது. பேருந்தும் ரயிலும் வருகிற இடத்துக்குப் போய்ச் சேரவே எங்களுக்கு வண்டி வேண்டும்.

இப்போதெல்லாம் ஸ்டாண்டு நிரம்பிய நாளில் பூக்கார அக்கா கண்ணில் படுகிற மாதிரி வண்டியை விடுகிறேன். அவர் காவல்காரர் இல்லை, காசும் வாங்கமாட்டார். நான் இரண்டு முழம் வாங்குவேன். "உன் வண்டிகிட்ட ஒருத்தன் நின்னு போன் பேசிட்டிருந்தான். இன்னாப்பா வேணும்னேன், போயிட்டான்" என்று மாலையில் சொல்வார். சங்கிலிப் பூட்டு, சக்கரப் பூட்டு எல்லாம் வாங்கிப் பார்த்திருக்கிறேன். சைடு லாக் ஓங்கி ஒரு உதைக்குத் தாங்காது என்று மெக்கானிக்கே சொல்லியிருக்கிறார். அக்காவின் "இன்னாப்பா வேணும்" அதைவிடத் தாங்கும். ஒரு பெண் தினமும் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னொரு பெண்ணின் வண்டியும் நிற்கமுடிகிறது.

*

என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. போன வருடம் உரிமம் வாங்கினாள். வாரத்தில் மூன்று நாள் அவள்தான் வண்டியை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகிறாள். இரண்டாவது சாவி வேண்டும் என்று கேட்டாள். உறையிலிருந்து எடுத்தேன். கொடுக்கும்போது என் வாயிலிருந்து, "எட்டு மணிக்குள்ள வந்துடு. இருட்டுல தனியா நிக்கும்" என்று வந்தது. என் மாமியாரின் குரல் அப்படியே. மகள் சாவியை வாங்காமல் கேட்டாள், "யாரும்மா தனியா நிக்கும்? என்னைச் சொல்றியா, வண்டியச் சொல்றியா?"

பதில் சொல்லத் தெரியாமல் சாவியை அவள் கையில் வைத்தேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு அவளிடமிருந்து போன். குரல் மாறியிருந்தது. "அம்மா... வண்டியைக் காணோம்மா." என்னிடம் கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. எங்க விட்ட? பூட்டுனியா? ஏன் இவ்வளவு நேரம்? எல்லாமே எனக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகள். 2013-இல் அந்தத் தெருவில் நின்ற இருபது நிமிடத்தில் நான் யாரிடமிருந்து என்ன கேட்க விரும்பினேன் என்று யோசித்துப் பார்க்க எனக்குப் பன்னிரண்டு வருடம் இருந்தது. அன்று ஒருவர்கூட, நாளைக்கு நீ எப்படிப் போவாய் என்று கேட்கவில்லை.

"சரிடா. நனையாம நில்லு" என்றேன். "நாளைக்கு உனக்குக் காலேஜுக்கு நேரமாச்சே, எதுல போறதுன்னு பாத்துக்கலாம். புகார் எழுதணும்னா நீயே எழுது, நான் வந்து பக்கத்துல நிக்கறேன். ஷேர் ஆட்டோ பிடிச்சு வர்றேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ எதையோ சொல்லும் சத்தம். "அம்மா, இரு இரு" என்றாள். தண்ணீர் தேங்கியதால் ஸ்டாண்டு ஆள் பத்துப் பதினைந்து வண்டிகளை நகர்த்திச் சுவரோரம் மேடான இடத்தில் வைத்திருக்கிறார். அதில் எங்களுடையதும் ஒன்று.

"கிடைச்சிருச்சும்மா. சீட்டெல்லாம் ஈரம்" என்றாள்.

"தொடைச்சிட்டு மெதுவா வா" என்றேன்.

"வர்றேன். வழியில ஃப்ரெண்டு ஒருத்தியை விட்டுட்டு வர்றேன். லேட்டாகும்."

எத்தனை மணியாகும் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. அடுப்பில் சாம்பார் இருந்தது, மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.